எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் சோடா: நீங்க பார்த்த ஒரு 'கேஸ்' சொல்லுங்க

டயட்_மதுரை:

ஒருத்தருக்கு ஸ்லீவ் (இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன்) முடிஞ்சு 19ஆம் நாள். மச்சினன் கல்யாணம். பந்தியில உக்காராம, ரசத் தெளிவு மட்டும் வாங்கிக் குடிச்சிருக்கார், அவ்வளவு கட்டுப்பாடு. வாசல்ல கோலி சோடா உடைச்சுக் குடுத்திருக்காங்க. "இது சாப்பாடு இல்லையே"ன்னு நாலு மடக்கு. அஞ்சே நிமிஷத்தில போன் வந்துச்சு. பேசினது அவர் மனைவி: "மேடம், ஏப்பம் வரமாட்டேங்குது. நெஞ்சுக்குழியில கைய வச்சு அழுத்திக்கிட்டு முன்னால சாஞ்சே உக்காந்திருக்காரு. வாயில நுரை நுரையா எச்சி ஊறுது."

வலி, வாந்தின்னு சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தா, "ஏப்பம் வரல"ங்கிறாங்க. காரணம் இருக்கு. சாதாரண இரைப்பையில காத்து போய்ச் சேர்ற இடம் மேல் பக்கம் இருக்கிற குவிந்த பகுதி, ஃபண்டஸ். அது விரிஞ்சாத்தான் மேல் வால்வு இளகி ஏப்பம் வரும். ஸ்லீவ்ல முக்கியமா வெட்டி எடுக்கிறதே அந்தப் பகுதியைத்தான். மிச்சம் இருக்கிறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், 100 முதல் 150 மில்லி பிடிக்கும். மேல ஒரு வால்வு, கீழ ஒரு வால்வு, நடுவுல விரிஞ்சு குடுக்காத சுவர். 200 மில்லி சோடாவுல கரைஞ்சிருக்கிற கேஸ் மட்டும் 600 முதல் 800 மில்லி வரும். திறக்கும்போதும் வாயிலயும் பாதி போச்சுன்னே வைங்க, மீதி எங்க போகும்?

சொன்னது இவ்வளவுதான்: படுக்க வைக்காதீங்க, மெதுவா நடக்க விடுங்க, எச்சியை முழுங்காம துப்பச் சொல்லுங்க, வேற எதையும் குடிக்கக் குடுக்காதீங்க, வலி குறையலைன்னா நேரா சர்ஜன்கிட்ட போங்க. முக்கால் மணி நேரத்தில அடங்கிடுச்சு.

வார்டு_சிஸ்டர்_கோவை:

எங்க வார்டுல நோயாளியை விட கூட இருக்கிறவங்களைத்தான் கண்காணிக்கணும். பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரா சிறுகுடலோட சேர்க்கிற ஆபரேஷன்) முடிஞ்ச ரெண்டாம் நாள் ஒரு அம்மாவுக்கு வலது தோள்பட்டையில வலி. மாமியார் "வாய்வு"ன்னு முடிவு பண்ணி, எலுமிச்சை பிழிஞ்சு உப்புப் போட்ட சோடாவை ஃபிளாஸ்க்ல கொண்டு வந்துட்டாங்க. தலையணைக்குப் பின்னால ஃபிளாஸ்க். டிரிப் மாத்தப் போனப்ப உள்ள 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடிச்சோம்.

அவங்க வாய்வுன்னு சொன்னதுல பாதி உண்மை. லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது சின்ன ஓட்டை வழியா பண்ற ஆபரேஷனுக்கு, வயித்தைத் தூக்கிப் பிடிக்க கார்பன் டை ஆக்சைடுதான் ஏத்துறாங்க, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில. சோடாவுல இருக்கிற அதே கேஸ். மிச்சம் இருக்கிறது உதரவிதானத்தை உறுத்தும், வலி தோள்ல தெரியும். ஆனா அந்த கேஸ் குடலுக்கு வெளிய நிக்குது. ஏப்பம் விட்டு அதை எடுக்க முடியாது. உடம்பே ரெண்டு மூணு நாள்ல உறிஞ்சிக்கும். நடந்தா சீக்கிரம் குறையும். சோடா குடுத்தா உள்ள இன்னொரு கேஸ், அதுவும் புதுசாத் தைச்ச இடத்து மேல.

தோள் வலியோட காய்ச்சல், மூச்சு வாங்குறது, நாடி 120க்கு மேல ஓடுறதுன்னா வாய்வுப் பேச்சே வேண்டாம், தைச்ச இடத்துல கசிவான்னு பார்க்கணும். அந்த நேரத்தில வீட்டு வைத்தியத்துல அரை நாள் போனாக்கூட விஷயம் கைமீறிடும்.

தியேட்டர்_டெக்:

மேல ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா இதைப் படிச்சிட்டு யாராவது "சோடா குடிச்சா மிச்சம் இருக்கிற இரைப்பைப் பை பலூன் மாதிரி விரிஞ்சு எடை திரும்பிடும்"னு எழுதுவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். கேஸ் அந்தப் பையை நிரந்தரமா விரிக்கும்னு உறுதியான சான்று கிடையாது. வலி நிஜம், எதுக்களிப்பு நிஜம், அதுக்காகத்தான் வேண்டாம்னு சொல்றது.

எடை திரும்புறதுக்கு வேற வழி இருக்கு. பைபாஸ் முடிஞ்சு 14 மாசமான ஒருத்தர் எண்டோஸ்கோப்பிக்கு வந்தார். குறைஞ்சதுல 9 கிலோ திரும்பியிருந்துச்சு. "ஜங்ஷன் பெரிசாயிருக்கும் சார், பாருங்க"ன்னு அவரே சொன்னார். பார்த்தா பை அளவா இருக்கு, அது குடலோட சேர்ற ஜங்ஷனும் அளவா இருக்கு. கார் சாவி வாங்க வந்த டிரைவர்கிட்ட அவர் தன் கைப்பையைக் குடுத்தார். அதுல 750 மில்லி கோலா பாட்டில், முக்கால்வாசி காலி. கேட்டா, "மடமடன்னு குடிக்கிறதில்ல சார், மூடியில ஊத்தி நாள் பூரா நனைச்சுக்குவேன். கேஸும் போயிடும்."

கணக்குப் போடுங்க. 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரைன்னா 750க்கு கிட்டத்தட்ட 80 கிராம், 320 கலோரி. மூடி மூடியா குடிச்சதால டம்பிங்கும் (சர்க்கரை சடார்னு குடலுக்குள்ள கொட்டி வர்ற படபடப்பு, வயித்துப்போக்கு) வரல, வயிறும் நிறையல. திடமான சாப்பாடுதான் பையில தங்கி "போதும்"னு சொல்லும். திரவம் நின்னு பேசாது, வழிஞ்சு போயிடும்.

மருந்துக்கடை_திருச்சி:

சோடா பாட்டிலையே பார்த்துட்டு இருக்கீங்க. எங்க கடைக்கு வந்த ஒரு பொண்ணு, ஸ்லீவ் முடிஞ்சு ரெண்டு மாசம். கூல்டிரிங்ஸ் தொடுறதே இல்ல, ஆனா தினமும் காலைல உப்புசமும் நெஞ்செரிச்சலும். மேஜையில பில்லை வச்சாங்க: வைட்டமின் சி, தண்ணியில போட்டா நுரைக்கிற மாத்திரை. போட்டதும் பொங்கும்போதே குடிச்சாத்தான் சத்துன்னு யாரோ சொல்லியிருக்காங்க. தினம் காலைல வெறும் வயித்துல ஒரு டம்ளர் சோடா, மருந்துங்கிற பேர்ல.

வயித்துக்குன்னு வாங்குற ஃப்ரூட் சால்ட் பாக்கெட்டும் அதே கதைதான், ஏறக்குறைய பாதி சோடா உப்பு, மீதி சிட்ரிக் அமிலம். பொங்குறது முழுக்க கார்பன் டை ஆக்சைடு. லேபிள்ல "கார்பனேட்டட் வாட்டர்" இருந்தாலோ ஐஎன்எஸ் (உணவுல சேர்க்கிற பொருளுக்கான எண்) 290 இருந்தாலோ கேஸ் இருக்குன்னு அர்த்தம். 338 பாஸ்பாரிக் அமிலம், கோலாவுல வரும். 330 சிட்ரிக் அமிலம். "ஜீரோ சுகர்"னு போட்டிருந்தா சர்க்கரை மட்டும்தான் இல்ல, கேஸும் அமிலமும் அப்படியே. கோலான்னா காஃபீனும் உண்டு.

இதோட கால்சியத்தையும் சொல்லிடறேன். கார்பனேட் வேண்டாம், சிட்ரேட் கேளுங்க. கார்பனேட் கரைய அமிலம் வேணும், உங்க வயித்துல அமிலம் சுரக்கிற பரப்பே குறைஞ்சிருக்கு, அதுக்கு மேல அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரையும் ஓடிட்டு இருக்கும். ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஆனா ஒரே வேளையில வேண்டாம், 500 ஐநூறா பிரிச்சு. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க. இரும்பை டீ, காபியோட போடாதீங்க. வலி மாத்திரைன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நீங்களா வாங்காதீங்க, பைபாஸ் ஆனவங்களுக்கு ஜங்ஷன்ல புண் வரும். மெதுவாக் கரையிற வகை மாத்திரைன்னா டாக்டர்கிட்ட மாத்தித் தரச் சொல்லுங்க. மாத்திரை பெரிசா இருந்தா உடைக்கலாமான்னு கேட்டுட்டு உடைங்க. பி12 விட்டுடாதீங்க.

வார்டு_சிஸ்டர்_கோவை:

அண்ணே, கேள்வி சோடா. நீங்க கடையையே இறக்கிட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன சொன்னீங்க?

மருந்துக்கடை_திருச்சி:

சப்பிச் சாப்பிடுற மாத்திரைக்கு மாத்தச் சொல்லி டாக்டருக்கு எழுதிக் குடுத்தேன். அது வர்ற வரைக்கும், மாத்திரையைப் போட்டு, நுரை அடங்கி, ஸ்பூனால கலக்கி, கால் மணி நேரம் கழிச்சு சிப் சிப்பா.

சோடாக்கம்பெனி_நெல்லை:

எனக்கு டாக்டர் விஷயம் தெரியாது, கேஸ் விஷயம் தெரியும். ஆபரேஷன் ஆன வாடிக்கையாளர் ஒருத்தர் போன மாசம் பட்டறைக்கே வந்து, "எனக்கு மட்டும் பாதி கேஸ் அடிச்சுத் தா"ன்னு நின்னார். முடியாதுய்யா. கோலி பாட்டில்ல மூடி கிடையாது, உள்ள இருக்கிற அழுத்தம்தான் குண்டை ரப்பர் வாசர்ல அமுக்கிப் பிடிக்குது. கேஸைக் குறைச்சா குண்டு நிக்காது, ஒழுகும். 1872ல ஹைரம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் காப்புரிமை வாங்கின பாட்டில், இன்னைக்கும் அதே சூத்திரம்தான். வந்த வாடிக்கையாளர் முன்னாடியே ஒண்ணு உடைச்சுக் காட்டினேன், டப்புனு சத்தம். "இதைத்தானே வயித்துக்குள்ள பண்ணப் போறீங்க?"ன்னேன். சிரிச்சார், காசு குடுக்காம போயிட்டார்.

தியேட்டர் தம்பி சொன்ன ஆள் மூடியில ஊத்தி கேஸ் போக்கினேன்னாரே, அது அரைகுறை. ஐஸ்ல வச்ச சோடா கேஸை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஒரு லிட்டர் தண்ணி 0 டிகிரியில 1.7 லிட்டர் கேஸை வச்சுக்கும்னா, உடம்புச் சூட்டுல, 37 டிகிரியில, அரை லிட்டர் சொச்சம்தான் வச்சுக்கும். அப்ப சில்லுன்னு உள்ள போனது அங்க போய்ச் சூடாகி மிச்சத்தைக் கக்கும். நாக்குல சுருக்குன்னு இல்லைன்னா கேஸ் இல்லைன்னு நினைக்காதீங்க. நிஜமாவே இறக்கணும்னா அகலப் பாத்திரத்தில ஊத்தி, சாதா சூட்டுக்கு வரவிட்டு, நாலஞ்சு தடவை ஆத்தணும், டீ ஆத்துற மாதிரி. ஆத்தினப்புறம் பன்னீர் சோடா சர்க்கரைத் தண்ணி, சாதா சோடா வெறும் தண்ணி. அதுக்கு எதுக்கு எங்க கடைக்கு வரணும்?

டயட்_மதுரை:

அண்ணாச்சி சொன்ன கடைசி வரி போதும். "அப்ப என்னதான் குடிக்கிறது"ன்னு வர்றவங்களுக்கு நான் சொல்றது வடிகட்டின நீர்மோர், மிளகாய் இல்லாம இஞ்சி, பெருங்காயம் மட்டும். சீரகத் தண்ணி. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. ஆரம்ப வாரங்கள்ல 15 நிமிஷத்துக்கு 30 மில்லி, ஸ்ட்ரா வேண்டாம், ஸ்ட்ராவும் காத்து இழுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் குடிக்காதீங்க. பிரியாணிக்கு மேல சோடாங்கிற பழக்கம்தான் ரொம்ப மோசம். ஏற்கனவே நிறைஞ்ச குழாய்க்குள்ள கேஸ், மேல வர ஒரே வழி வாந்தி.

தியேட்டர்_டெக்:

ஒண்ணு விட்டுட்டேன், இது நேர்மாறான கேஸ். பைபாஸ் முடிஞ்சு ஒன்றரை வருஷமான ஒரு ஆசிரியர். மதியம் ஒரு டம்ளர் ஆரஞ்சு கூல்டிரிங்க் ஒரே மூச்சுல. அப்ப ஒண்ணும் ஆகல. ரெண்டு மணி நேரம் கழிச்சு வகுப்புல கை நடுங்கி, சட்டை நனைஞ்சு, போர்டுல சாக்பீஸ் கோடு கோணலாப் போச்சாம். சர்க்கரை சடார்னு சிறுகுடலுக்குப் போனதும் இன்சுலின் தேவைக்கு மேல சுரந்து, இறங்கும்போது பாதாளத்துக்கே இழுத்துட்டுப் போயிருக்கு. குளுக்கோமீட்டர்ல 52. பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன குடுத்தாங்க தெரியுமா? அதே பாட்டில்ல மிச்சம் இருந்ததை.

தூக்கிவிட்டுச்சு, உண்மைதான். அந்த நிமிஷத்துக்கு 15 கிராம் சர்க்கரை வேணும், கோலான்னா 150 மில்லி. ஆனா அவங்க டம்ளர் நிறையக் குடுத்துட்டாங்க, பின்னால புரதம் எதுவும் குடுக்கல. சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல மறுபடியும் வேர்த்திருக்கு. இப்ப அவர் சட்டைப் பையில பொடி மடிச்ச குளுக்கோஸ் பொட்டலம், 15 கிராம் அளந்து, கூடவே ஒரு பொட்டலம் வறுத்த கடலை.