லேபிளைப் பார்த்துத்தான் துவைக்கிறீர்களா?

கத்தரிக்கோல்:
புதுத் துணி வாங்கியதும் நான் முதலில் செய்வது, கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டி எறிவதுதான். அப்புறம் ஜீன்ஸ், சட்டை, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் ஒரே மெஷினில் 40 டிகிரியில் ஒன்றாகப் போகும். பல வருடமாக இப்படித்தான், ஒன்றும் ஆனதில்லை. போன வாரம் ஒரு கம்பளி ஸ்வெட்டர் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் கை முழங்கையோடு நிற்கிறது, துணி அட்டை மாதிரி தடித்துப்போய்ப் பின்னல் கண்ணே தெரியவில்லை. இது கெட்ட நேரமா, இல்லை இனி எல்லாக் குறியையும் பார்த்தாக வேண்டுமா? எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, எதை மீறலாம் எதை மீறக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள்.

நீலச்சாயம்:
கெட்ட நேரமெல்லாம் இல்லைங்க. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு, வெந்நீரும் சோப்பும் மெஷின் போடும் குலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இழுத்தாலும் வராது. ஸ்வெட்டரை மறந்துவிடுங்கள்.

லேபிளில் தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண் தண்ணீர்ச் சூட்டின் உச்சவரம்புதான், அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் துணிக்குக் கெடுதல் இல்லை. அதனால் உங்களை மாதிரி சோம்பேறிகளுக்கு (நானும்தான்) ஒரே வழி, எல்லாவற்றையும் குளிர்ந்த நீரில் போடுவது. முக்கால்வாசித் துணி தப்பிக்கும். ஆனால் குளிர்ந்த நீர் என்றாலும் கம்பளியையும் பட்டையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். இரண்டும் புரத இழை, கறை நீக்கும் சலவைத்தூள்கள் பலவற்றில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, குளோரின் பிளீச் பட்டாலோ இழையே கரையும்.

ஈரத்துண்டு:
எனக்கு லேபிள் மேல் அவ்வளவு பக்தி இல்லை. தயாரிப்பவர்கள் தங்களுக்கு வம்பு வராத வழியைத்தான் எழுதுவார்கள். அமெரிக்காவில் 1972 முதல் நடப்பில் இருக்கும் துணி லேபிள் விதியே ஒரு பாதுகாப்பான முறையைச் சொன்னால் போதும் என்கிறது, அதனால் வெறுமனே 'ட்ரை கிளீன்' என்று போட்டிருந்தால் தண்ணீரில் துவைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. சாதாரண பாலியஸ்டர் மேல்சட்டைகளைக் கையால் அலசி நிழலில் போட்டுத்தான் பல வருடம் ஓட்டுகிறேன். 'ட்ரை கிளீன் மட்டும்' என்று 'மட்டும்' என்ற சொல் கூடவே இருந்தால் நான் கை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

பித்தான்:
மேலே சொன்னதை நம்பி கோட்டைத் துவைத்துவிடாதீர்கள், ஐயா! நான் துவைத்தேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் முன்பக்கம் உள்ளே விறைப்புக்காகப் பசை போட்டு ஒட்டியிருக்கும் துணி அங்கங்கே விட்டுக்கொண்டு, மார்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். இஸ்திரி போட்டு அழுத்தியும் அடங்கவில்லை. வெளித்துணியை மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் என் தப்பு.

டிரையர் குறியையும் பாருங்கள். சதுரத்துக்குள் வட்டம், மேலே பெருக்கல் குறி போட்டிருந்தால் கொடியில்தான். இழுத்தால் நீளும் துணிகள் டிரையர் சூட்டில் சீக்கிரம் தொளதொளத்துப் போகும்.

கத்தரிக்கோல்:
எல்லாம் சரி, நான்தான் லேபிளையே வெட்டிவிட்டேனே. அலமாரியில் இருப்பதில் எது கம்பளி, எது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீலச்சாயம்:
உள்தையல் ஓரத்தில் துணியின் இழை ஒன்றே ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். தையல் நூலை உருவிவிடாதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தி அல்லது ரேயான், ரேயான் என்றால் ஈரத்தில் பலமிழக்கும், முறுக்கிப் பிழியாதீர்கள். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர், நைலான் வகை. கலப்புத் துணி ஏமாற்றும்.

கத்தரிக்கோல்:
மூன்று துணி பார்த்தேன். பருத்தி என்று நினைத்து இன்று மெஷினில் போட எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறச் சால்வை முடி நாற்றம் அடிக்கிறது. கூடையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.