காலை எட்டு மணிக்கே அலுவலகம் திறந்தால் என்ன?

எண்ணூர்க்காரி:
அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். காலை 10 முதல் மாலை 5.45 வரை வேலை. எண்ணூரிலிருந்து ராஜாஜி சாலைக்கு வர வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் எர்ணாவூரைத் தாண்டவே அரை மணி நேரம். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, சரி, ஆனால் அந்த விம்கோ நகருக்கே நான் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். காலை 8 மணிக்கு சீட்டில் உட்கார்ந்து 3.45க்குக் கிளம்ப விட்டால் இதே வேலையை நிம்மதியாகச் செய்வேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மத்திய அரசு தன் ஊழியர்களை 9, 9.30, 10 மணி என்று மூன்று பிரிவாக வரச் சொன்னது. மற்ற நாட்களில் ஏன் கூடாது?

கொருக்குப்பேட்டை தம்பி:
அக்கா, அந்த உதாரணம் நிற்காது. உத்தரவு வந்தது மார்ச் 19, ஊரடங்கு 25. கவுண்டருக்கு யார் வந்தார்கள்?

நான் லோடு ஏற்றுகிறவன். அப்பா போன பிறகு வாரிசுச் சான்றுக்காக இ-சேவையில் பதிந்தோம். விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போனேன், மூன்று நாள் கூலி போச்சு. முதல் தடவை நாற்காலியில் துண்டு கிடந்தது, மேலே ஃபேன் சுற்றியது, ஆள் இல்லை. "அந்த சீட் சார் மதியம்தான் வருவார்" என்றார் பக்கத்து மேசைக்காரர். இருக்கிற நேரத்திலேயே இந்த கதி. இஷ்டப்பட்ட நேரத்துக்கு வரலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டால் நாங்கள் யாரைத் தேடிப் போவது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலதிகாரி 10 மணிக்கு வருவார் என்றால், 8 மணிக்கு வந்தவர் எழுதிய குறிப்பு அவர் மேசையில் காத்துக் கிடக்கும். எதற்கும் அவர் கையெழுத்து வேண்டும்.

எண்ணூர்க்காரி:
சார், குறிப்பு எழுதவே அமைதியான இரண்டு மணி நேரம் வேண்டும். 11 மணிக்கு மேல் போனும் ஆளும் வந்துகொண்டே இருந்தால் ஒரு கோப்பைக்கூட முழுசாகப் படிக்க முடியாது.

தம்பி, உங்களை அலைக்கழித்தது தப்புதான், அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் போனபோது நெகிழ்வு நேரம் எதுவும் கிடையாதே. ஒரு சீட்டுக்கு ஒரே ஆள், அவர் இல்லையென்றால் அந்தக் கோப்பைத் தொட வேறு யாருமில்லை. அதுதான் கோளாறு. சீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு என்று போடட்டும். ஒருவர் 8 மணிக்கு, இன்னொருவர் 10 மணிக்கு. 10 முதல் 3 வரை இருவருமே இருக்கட்டும். நீங்கள் காலை எட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு லோடுக்குப் போகலாம், கூலி போகாது.

கொருக்குப்பேட்டை தம்பி:
எட்டு மணிக்குக் கவுண்டர் திறக்கும் என்றால் எனக்குச் சம்மதம். எங்களுக்கு ஒன்பதரைக்குத்தான் வேலை ஆரம்பம். ஆனால் எந்த சீட்டில் யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அம்மா படிக்க மாட்டாள், நான் படித்துச் சொல்வேன். அது இல்லாமல் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மின்ட் பக்கம்:
இதுவரை யாரும் கேட்காத ஒன்று. நான் அலுவலக உதவியாளர். சாவி என்னிடம். 9 மணிக்குத் திறந்து, பெருக்க விட்டு, குடிதண்ணீர் கேன் மாற்றி வைப்பேன். சாயங்காலம் கடைசி ஆள் போன பிறகு எல்லா ஜன்னலையும் சாத்திப் பூட்டுவதும் நான்தான். எட்டு மணிக்கு ஆள் உட்கார வேண்டுமென்றால் ஏழரைக்குத் திறக்க வேண்டும், திறக்கிறேன். என்னை 3.15க்கு விடுவீர்களா, அல்லது அந்தப் பூட்டுக்கும் இரண்டு பேர் போடுவீர்களா?