தலையைத் தூக்கியே ஓடும் குதிரை: கயிறு கட்டாமல் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம். மண்டபம் பக்கம், அரியமான் கடற்கரை ஓரத்தில் இருக்கிறோம். எங்களிடம் 6 வயது மார்வாரிப் பெண் குதிரை, சவாரிக்கு மட்டும்தான். நடையில் அருமையாகப் போகிறவள் டிராட்டுக்கு, அதாவது மெல்லோட்டத்துக்கு, மாறியதும் மூக்கை வானத்துக்கு நீட்டி, முதுகைக் குழித்து, வாயைப் பிளந்துகொண்டு ஓடப் பார்க்கிறாள். கழுத்தின் கீழ்ப்பக்கத் தசை புடைத்து நிற்கிறது, மேல்பக்கம் வற்றிக் கிடக்கிறது.

பார்க்கிறவர்கள் எல்லாம் மார்புப் பட்டையிலிருந்து கயிறு கட்டித் தலையை இறக்கு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில்தான் இருக்கிறது, ஆள் ஏறினால் அந்தச் சுமை இன்னும் கூடும், பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து எடையை வாங்கி முதுகு எழும்பினால்தானே தலை தானாக இறங்கும்? கட்டி இழுத்தால் கழுத்துதான் வளையும்.

புதைமணல் தசைநாருக்கு ஆகாது என்பதால், தண்ணீர் வற்றும் நேரம் ஈரமான கெட்டி மணலில் நீளக் கயிற்றில் பெரிய வட்டமாக விடுகிறேன், நடையும் டிராட்டும் மாற்றி மாற்றி. இடப்பக்கம் சுற்றும்போது தலையை இறக்கி மூக்கால் புர்ரென்று மூச்சு விடுகிறாள். வலப்பக்கம் தோளை உள்ளே சாய்த்துக்கொண்டு பழையபடிதான்.

அப்புறம், வாங்கும்போதே வாயோரத்தில் முள் கடிவாளத் தழும்பு இருந்தது. இப்போது வழுவழுப்பான கடிவாளம்தான், பயம் இன்னும் போகவில்லையோ? கடிவாளமே இல்லாமல் மூக்குப் பட்டையில் பழக்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பல்லையும் சேணத்தையும் பார்த்துச் சொல்ல ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் குதிரை தெரிந்த கால்நடை மருத்துவர் யாராவது இருக்கிறாரா?