பீட்டாவுக்குக் கீழே அந்த மைனஸ்: அணுக்கருச் சமன்பாட்டில் மாட்டிக்கொண்ட கதைகள்

தாமிரபரணிக்கரை:
டியூஷனில் பத்தாம் வகுப்பு டெஸ்ட். தோரியம்-234 பீட்டா சிதைவு, சமன்பாடு எழுது. அவ்வளவுதான் கேள்வி. அணுக்கரு ஒரு பீட்டா துகளை வெளியேற்றி வேறு தனிமமாவதுதான் பீட்டா சிதைவு. ஒரு பையன் ஆக்டினியம்-234 + பீட்டா என்று எழுதி, பீட்டாவுக்கு மேலே 0, கீழே 1 போட்டிருந்தான். மேலே உள்ள நிறை எண்களை (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) கூட்டினேன், 234 = 234 + 0. கீழே அணு எண்கள் (புரோட்டான் எண்ணிக்கை), 90 = 89 + 1. இரவு 11 மணி, இன்னும் இருபது பேப்பர் பாக்கி. டிக் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவனே பேப்பரோடு வந்து நின்றான். "சார், புக்குல புரோட்டாக்டினியம்னு இருக்கு. நான் எழுதினது தப்பு. நீங்க ஏன் சார் ரைட்டு போட்டீங்க?" பீட்டா என்றால் எலக்ட்ரான், கீழே மைனஸ் 1, ஆகவே 90 = 91 − 1. முந்தின வாரம் போர்டில் இதை எழுதிப்போட்டதே நான்தான். ஆறு வருஷம் ஆகிறது, அவன் அந்தப் பேப்பரை நீட்டிய விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அரைமார்க்:
சார், சமன்பாடாகப் பார்த்தால் பையன் எழுதியது சரி. மேலே 0, கீழே பிளஸ் 1 என்றால் அது பாசிட்ரான், பிளஸ் மின்னூட்டம் உள்ள எலக்ட்ரான். சோடியம்-22 அப்படித்தான் நியான்-22 ஆகிறது, 11 = 10 + 1. தோரியம்-234 அந்த வழியில் போவதில்லை, தப்பு அங்கேதான். கூட்டிப் பார்ப்பது பாதி வேலைதான்.

எனக்கு நடந்தது பிளஸ் டூவில். கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவதை ஒழுங்காக எழுதிவிட்டு பீட்டாவோடு வெளிவரும் எதிர் நியூட்ரினோ என்ற துகளை விட்டுவிட்டேன். அரை மார்க் போச்சு. "அதுக்கு மேலயும் 0, கீழயும் 0. எழுதினா என்ன, எழுதாட்டா என்ன மிஸ்?" என்று கேட்டேன். "அப்ப உனக்கும் 0 போட்டுடட்டுமா?" வகுப்பே சிரித்தது. பீட்டா ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆற்றலோடு வருகிறதே, மீதி எங்கே போகிறது என்பதற்காக 1930-இல் பவுலி சொன்ன துகள் அது என்று காலேஜில்தான் தெரிந்தது. மிஸ் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

மல்லிகைப்பந்தல்:
அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து அயோடின்-131 கொடுத்துத் தனி அறையில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நான் அப்போது பிளஸ் டூ. வராந்தாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிப் பார்த்தேன். அயோடின் 53, பீட்டா மைனஸ் 1, அப்படியானால் 54, செனான்-131. பரீட்சைக்கு நூறு தடவை எழுதினதுதான். அன்றைக்குத்தான் அந்த அம்புக்குறி சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று உறைத்தது. 8 நாளில் பாதி, 16 நாளில் கால். அம்மா கதவு இடுக்கில் எட்டிப்பார்த்து, "படிச்சியா?" என்றாள். சீட்டைக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

கறுப்புமணல்:
எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது, அதில் தோரியம்-232. நுழைவுத் தேர்வில் "தோரியம்-232 ஈயம்-208 ஆக எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா?" என்று வந்தது. ஊர்க்காரனாக இருந்தும் கோட்டை விட்டேன். கதை அவ்வளவுதான்.

இனி யாரும் விடாதீர்கள். பீட்டாவை முதலில் தொடவே கூடாது. நிறை எண்ணை மாற்றுவது ஆல்பா மட்டும்தான். ஒரு ஆல்பா துகளுக்கு மேலே 4, கீழே 2. 232-இல் 208 போனால் 24, நாலால் வகுத்தால் 6 ஆல்பா. ஆறு ஆல்பாவும் அணு எண்ணில் 12-ஐக் கொண்டுபோகும், 90 − 12 = 78. ஈயம் 82. நாலு குறைகிறது, அதை ஏற்றிவிடுவது 4 பீட்டா. காமாக் கதிரை எண்ணவே வேண்டாம், அது மேலேயும் கீழேயும் எதையும் மாற்றாது. யுரேனியம்-238 ஈயம்-206 ஆவதற்கும் இதே வழி, 8 ஆல்பா, 6 பீட்டா. போட்டுப் பாருங்கள். அரைமார்க் அண்ணன் சொன்ன பாசிட்ரானை இந்தத் தொடர்களுக்குள் இழுக்காதீர்கள், பிள்ளைகள் குழம்பும்.

அரைமார்க்:
நான் எங்கே தம்பி இழுத்தேன்? சோடியம் என்றுதானே எழுதியிருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை:
அடித்துக்கொள்ளாதீர்கள். மல்லிகைப்பந்தல், அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தப் பையன் பேப்பரில் டிக்கின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டுப் புரோட்டாக்டினியம் என்று எழுதிக் கொடுத்தேன். மார்க்கை மட்டும் குறைக்கவில்லை. அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.