ரிஸ்க் எடுக்கிறது சின்ன கம்பெனியா பெரிய கம்பெனியா?

கேள்வி (லேப்வாசி):
பெரிய கம்பெனி ஒண்ணுல ஆர் அண்ட் டி-ல (புதுசா ஆராய்ஞ்சு உருவாக்குற பிரிவு) இருக்கேன். பணம், மெஷின், ஆளு எதுக்கும் குறை இல்ல, ஆனா புதுசா எத கொண்டு போனாலும் மீட்டிங் மேல மீட்டிங் போட்டு கடைசில "அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்"னு ஆறப் போட்டுடுறாங்க. இப்ப ஒரு சின்ன கம்பெனில கூப்பிடுறாங்க. அங்க நிஜமாவே துணிஞ்சு செய்வாங்களா, இல்ல இக்கரைக்கு அக்கரை பச்சையா?

பழைய ஃபிலிம்ரோல்:
பெரிய கம்பெனிக்கு கண்டுபிடிக்கத் தெரியாம இல்ல ப்ரோ. கையில தூக்கிட்டுப் போற டிஜிட்டல் கேமராவ முதல்ல செஞ்சதே ஃபிலிம் கம்பெனியான கோடக்ல இருந்த ஸ்டீவ் சாஸன் தான், 1975ல. 0.01 மெகாபிக்சல், ஒரு படம் கேசட்ல பதிய 23 செகண்ட். ஆனா லாபம் பூரா ஃபிலிம்ல வந்துட்டு இருக்கறப்ப ஃபிலிமே வேணாங்கற பொருள எவன் போய் விப்பான்? 2012ல திவால் மனு போட்டாங்க. ஜெராக்ஸும் அப்படித்தான், 1973லயே மௌஸ் வச்ச ஆல்ட்டோ கம்ப்யூட்டர் கையில இருந்துச்சு, காசு பாத்தது வேற ஆளுங்க.

சும்மா ஒரு கணக்கு:
ஜெராக்ஸ் பத்தி பாதி தான் சொல்றீங்க. ஆல்ட்டோவ செஞ்ச அதே லேப்ல வளர்ந்த லேசர் பிரின்டர்ல அவங்க நல்லாவே சம்பாதிச்சாங்க, ஏன்னா அது ஏற்கனவே இருந்த காப்பியர் பிஸினஸோட ஒட்டிப் போச்சு.
என்னைக் கேட்டா சிக்கல் கம்பெனி சைஸ்ல இல்ல, தோத்தா யார் தலை உருளும்ங்கறதுல தான். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, ஜெயிச்சா போட்டதுக்கு மூணு மடங்கு வரும்னு 20 ப்ராஜெக்ட் இருந்தா முதலாளி இருபதையும் செய்யத்தான் சொல்வார், மொத்தத்துல லாபம் தானே. ஆனா அதுல ஒண்ணே ஒண்ண தூக்கிட்டு நிக்கிற மேனேஜருக்கு, தோத்தா அப்ரைசல் காலி, ஜெயிச்சா ஒரு கைதட்டல். அவரு ஏன் சரின்னு சொல்லணும்? இதுல பயம்னு ஒண்ணும் இல்ல, அவரு கணக்குல அவரு கரெக்ட்.

ரன்வே:
சின்ன கம்பெனிய ரொம்ப தூக்கி வைக்காதீங்க. அங்க பல ப்ராஜெக்ட்ல ரிஸ்க்க பிரிச்சுப் போடற போர்ட்ஃபோலியோவே கிடையாது, ஒரே பந்தயம் தான். ஐபிஎம் 1964ல சிஸ்டம்/360ங்கற கம்ப்யூட்டர் வரிசைய கொண்டு வந்தப்ப அந்த ப்ராஜெக்ட்டோட மொத்த செலவு 500 கோடி டாலர்னு சொல்வாங்க, அத எந்த ஸ்டார்ட்அப் செய்யும்? இன்னொண்ணு, நிறைய சின்ன கம்பெனில ஒரே ஒரு பெரிய கஸ்டமர் தான் சோறு போடுவாரு, அவரு கேக்கறத செஞ்சு குடுத்தே வருஷம் ஓடிடும், புதுசு எங்க வரும்.

லேப்வாசி:
அப்ப இன்டர்வியூல என்ன கேக்கலாம்?

ரன்வே:
கையிருப்பு எத்தனை மாசம் தாங்கும், வருமானத்துல ஒரே கஸ்டமரோட பங்கு எவ்ளோ, கடைசியா எந்த ப்ராஜெக்ட்ட நிறுத்துனாங்க, அதுல இருந்தவங்க இப்ப எங்க. கடைசி கேள்விய அங்க வேலை பாக்கறவங்ககிட்ட தனியா கேளுங்க.