சூடு பட்டால் சுருங்கும் கம்பி: வடசென்னையில் யாராவது வேலை செஞ்சிருக்கீங்களா?

வணக்கம் மக்களே. காசிமேட்டுல கழிச்சுப் போட்ட நைலான் வலையை வச்சு, ஆள் கிட்ட வந்தா மூச்சு விடுற மாதிரி அசையுற ஒரு தொங்கல் செஞ்சிட்டு இருக்கோம், நானும் என் தங்கச்சியும். ராயபுரத்துல ஒரு மொட்டை மாடி ரூம்தான் பட்டறை. சென்சார், அதைக் கேட்டு மின்சாரம் விடுற ஆர்டுயினோ (சின்னக் கணினிப் பலகை) எல்லாம் நல்லா ஓடுது.

சிக்கல், வலையை இழுத்து அசைக்கிற 'நிட்டினால்' (Nitinol) கம்பியில. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. எங்ககிட்ட இருக்கிற ரகம் மின்சாரம் பாய்ஞ்சு சுமார் 70 டிகிரிக்குச் சூடேறினா 4 சதவீதம் போல சுருங்கும். ஆறும்போது திரும்ப நீள, ஒரு எடை இழுக்கணும். சாதாரண ஈயம் இதுல ஒட்டாது, முனையைக் குழாய்ல விட்டு நசுக்கித்தான் இணைக்கணும். பித்தளைக் குழாய் கடல் காத்துல பச்சை பூத்துடுது, மின்சாரம் விட்டு விட்டுப் போகுது. உள்விட்டம் 1 மில்லிமீட்டருக்குக் குறைவான எவர்சில்வர் குழாய் சில்லறையா எங்க கிடைக்கும்? ரிச்சி தெருவுல கேட்டாச்சு. பாரிமுனைப் பக்கம் கடை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, சூட்டுக்கு நிறம் மாறுற சாயம். சுலபமா கிடைக்கிறது 31 டிகிரி ரகம். நம்ம ஊர் மே மாசத்துல அது காலையிலேயே வெளுத்து நிக்கும், அப்புறம் என்னத்த மாறுறது! 45 டிகிரி ரகம் மிச்சம் வச்சிருந்தா விலைக்குக் கொடுங்க. வெயில் படாம வச்சிருந்ததா இருக்கணும். புற ஊதாக் கதிர் பட்டா வீணாயிடும்.

வலை கட்டத் தெரிஞ்ச அண்ணன், அக்கா யாராவது, முடிச்சு வழியா கம்பியை எப்படி ஓட்டுறதுன்னு ஒருநாள் காட்டிக் கொடுத்தா பெரிய உதவி. கூலி உண்டு, டீ தனி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா எங்களுக்குத் தோது.