பதில்: வர்க்கமற்ற எண்ணா, ஈரடுக்கிலியா?

> ஒன்றைத் தவிர வேறு எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாத எண்ணை "வர்க்கமற்ற எண்" என்றே சொல்லிவிடலாமே, நேரடியாக இருக்கிறதே?

நேரடியாகத்தான் இருக்கிறது. ஆனால் "வர்க்கமற்ற" என்று எழுதியதும் "சமுதாயம்" பின்னாலேயே வந்து நின்றுவிடுகிறது. சரி, அதுகூடப் பழகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, கன எண்களால் வகுபடாதவற்றுக்குப் பெயர் வைக்கப்போனால் "கனமற்ற எண்" என்று வரும். பத்து லட்சம் இலக்கம் ஓடுகிற எண்ணைக் கனமற்றது என்று எழுத எனக்குக் கை வராது.

சொல்லைத் தேடும் முன் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 510510 = 2 × 3 × 5 × 7 × 11 × 13 × 17. முதல் ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. 720720-ஐப் பிரித்தால் 2 நான்கு தடவை, 3 இரண்டு தடவை, அப்புறம் 5, 7, 11, 13. முதலாவதன் காரணிகளை எண்ணுவது எளிது: ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், இரண்டே வழி, ஆக 2-ஐ ஏழு தடவை பெருக்கினால் 128. இரண்டாவதில் 2-ஐ மட்டுமே ஐந்து விதமாக எடுக்கலாம் (எடுக்காமல் விடுவதையும் சேர்த்து), 3-ஐ மூன்று விதமாக. மொத்தம் 240 காரணிகள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுக்குதான், அதாவது ஒரு பகா எண் எத்தனை தடவை வருகிறது என்பது. வர்க்கத்தால் வகுபடாது என்பது அதிலிருந்து கிடைக்கும் விளைவு.

அதனால் முடிவிலி மாதிரி "அடுக்கிலி" என்று முதலில் எழுதினேன்.

> 7-க்கும் அடுக்கு 1 இருக்கிறதே?

உண்மை. ஒற்றைத் தட்டை யாரும் அடுக்கு என்று சொல்வதில்லை என்று வாதாடலாம், ஆனால் கணக்கில் அந்த வாதம் நிற்காது. ஆகவே "ஈரடுக்கிலி". இதில் ஒரு கூடுதல் வசதி, கன எண்ணுக்கு மூவடுக்கிலி என்று அப்படியே நீட்டிக்கொள்ளலாம், கனமும் வராது. 8-இல் இருப்பது மூவடுக்குதானே, அது ஈரடுக்கிலி ஆகிவிடுமா என்று யாராவது கேட்பீர்கள். மூன்று அடுக்கு இருக்கிற இடத்தில் இரண்டடுக்கும் உள்ளே இருக்கிறது, ஆகாது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "510509, 510510, 510511 மூன்றும் அடுத்தடுத்த ஈரடுக்கிலிகள்." முதலாவது 61 × 8369, கடைசியானது 19 × 97 × 277, சரியாக இருக்கிறது. நான்கு ஈரடுக்கிலிகள் இப்படி வரிசையாக வரவே முடியாது, நான்கு அடுத்தடுத்த எண்களில் ஒன்று 4-ஆல் வகுபட்டே தீரும். இவை அபூர்வமும் இல்லை, 100 வரை 61 இருக்கின்றன, மேலே போகப் போக விகிதம் 6/π²-ஐ, அதாவது சுமார் 0.608-ஐ நெருங்குகிறது. ஆனாலும் மிகப் பெரிய எண் ஒன்றைக் கொடுத்து இது ஈரடுக்கிலியா என்று கேட்டால், காரணிப்படுத்தாமல் விரைவாகச் சொல்லும் பொதுவான வழி இதுவரை யாரிடமும் இல்லை. பகா எண்ணா என்ற கேள்விக்கு 2002-இல் ஐஐடி கான்பூரின் அகர்வால், கயல், சக்சேனா மூவரும் வழி கண்டுவிட்டார்கள். அதைவிட எளிதாகத் தோன்றும் இதுதான் இழுக்கிறது.

எனக்குச் சிக்காதது இதன் எதிர்ப்பக்கம்: ஒவ்வொரு பகாக் காரணியும் குறைந்தது இரண்டு தடவை வரும் எண்கள். 8, 9 இரண்டும் அப்படி, 288, 289 இரண்டும் அப்படி. "நிறையடுக்கு எண்" என்று பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்.